செம்பின் விலையும் சாம்பியாவின் கதையும்

ஒரு நாட்டின் வருவாய் ஒரேயொரு பொருளை நம்பியிருக்குமாயின், அப்பொருளின் விலை வீழும்போது அந்நாட்டுக்கு நேர்வது யாது? ஆபிரிக்காவின் சாம்பியா நாட்டு வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

வட ரொடீசியா எனப்பட்ட அந்நாடு 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சுதந்திரம் பெற்றது. அதன் ஏற்றுமதி வருவாயிற் பத்தில் ஒன்பது பங்கு செம்பினாலேயே கிடைத்தது. விலையும் அப்போது உயர்ந்திருந்தது. பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் எழுந்தன. மக்களின் அன்றாட உணவாகிய சோளமா மலிவு விலைக்கு வழங்கப்பட்டது.

1974ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் செம்பின் விலை சடுதியாக வீழ்ந்தது. எண்ணெய் விலையோ முன்னரே ஏறியிருந்தது. விற்கும் பொருள் மலிந்தது. வாங்கும் பொருள் அருமையாயிற்று. இவ்வீழ்ச்சி தற்காலிகமானதே என நம்பிய அரசாங்கம், செலவைக் குறைப்பதற்குப் பதிலாகக் கடன் வாங்கியது. விலை எதிர்பார்த்தவாறு மீளவில்லை, கடனோ வளர்ந்தது. சுரங்கங்களைப் புதுப்பிக்கவும் பணமில்லை. ஏழு இலட்சம் தொன்னளவில் இருந்த ஆண்டு உற்பத்தி, நூற்றாண்டின் இறுதியில் மூன்று இலட்சத்துக்கும் கீழே இறங்கியது.

இச்சுமை ஈற்றில் ஏழைகளின் உணவுத் தட்டிலேயே விழுந்தது. 1986 டிசம்பரிற் சோளமா மானியம் குறைக்கப்பட்டபோது, சுரங்க நகரங்களிற் கலகம் மூண்டு உயிர்கள் பலியாயின. 27 ஆண்டுகள் ஆண்ட கென்னத் கவுண்டா 1991ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோல்வியுற்றார்.

இக்கதை இத்துடன் முடியவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் சீனாவின் தேவை பெருகவே, செம்பின் விலை மீண்டும் ஏறியது. 2005இல் பழைய கடனிற் பெரும்பகுதி நீக்கப்பட்டது. ஆயினும் 2012 முதல் 2015 வரை சாம்பியா அந்நியச் சந்தையில் முந்நூறு கோடி டொலருக்குக் கடன்முறிகளை விற்றது. 2015இல் செம்பின் விலை மறுபடியும் தாழ, நாணயத்தின் பெறுமதியும் சரிந்தது. 2020 நவம்பரில் அந்நாடு வட்டி செலுத்தத் தவறியது.

அயல்நாடான பொற்சுவானா வைரத்தை நம்பி வாழ்வது. அது 1994இல், மழை எனப் பொருள்படும் ‘பூலா’ என்னும் பெயரால் ஒரு சேமிப்பு நிதியத்தை அமைத்தது. 2009ஆம் ஆண்டளவில் வைர விற்பனை முடங்கியபோது அச்சேமிப்பு கைகொடுத்தது. எனினும், அண்மைய ஆண்டுகளில் வைரச் சந்தை நெடிது தளர்ந்தமையால் அந்நாடும் இடருற்றுள்ளது. சேமிப்பு வரட்சியைத் தடுப்பதில்லை; வேறு தொழில்களை வளர்ப்பதற்கு அவகாசம் மட்டுமே தருகின்றது.

விலை வீழ்ச்சி எந்நாட்டுக்கும் வரக்கூடியது. அது தாங்கக்கூடிய துன்பமா, தலைமுறைகளைத் தொடரும் துன்பமா என்பது விலை உயர்ந்திருந்த நாளிலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.