டாக்டர், ஒரு நிமிஷம்

"அந்த சிஸ்டரா? டாக்டரையே கேள்வி கேட்குமே!" மதுரை பெரியாஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறுகிற நேரம் கோரிப்பாளையத்து டீக்கடையில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். இன்னொருத்தரைப் பற்றி, "அது வாயில்லாப் பூச்சிப்பா." நிறம், உயரம் மாதிரி தைரியமும் கூடவே பிறந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டீ வரட்டும். அது அப்படியில்லை என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1966-இல் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு சோதனையை வெளியிட்டார். ராத்திரி வார்டுக்கு ஒரு போன் வரும். முன்பின் தெரியாத குரல், "நான் டாக்டர் பேசுகிறேன், இன்ன நோயாளிக்கு இன்ன மருந்து 20 மில்லிகிராம் கொடுங்கள், வந்து கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும். மருந்து டப்பாவிலோ 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருக்கும். டப்பாவுக்குள் இருந்தது வெறும் குளுக்கோஸ். அது நர்சுக்குத் தெரியாது. 22 நர்சுகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கட்டிலை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். பாதி வழியில் நிறுத்தி உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. இதே சூழ்நிலையை நர்சிங் மாணவிகள் 21 பேரிடம் விவரித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்கள். ஒருத்தர்கூடக் கொடுப்பேன் என்று சொல்லவில்லை.

இந்தக் கதையை ரசித்துச் சொல்பவர்கள் 1977-இல் நடந்ததைச் சொல்வதில்லை. ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் அதே சோதனையைக் கொஞ்சம் மாற்றினார்கள். இந்த முறை மருந்து நர்சுகளுக்கு நன்றாகப் பழகிய வாலியம், அளவுதான் தாறுமாறு. பக்கத்தில் இருக்கும் சக நர்சைக் கலந்துகொள்ளவும் வழி இருந்தது. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். மற்றவர்கள் தயங்கினார்கள், திரும்பக் கேட்டார்கள்.

பத்துப் பதினோரு வருஷத்தில் நர்சுகளின் சுபாவமா மாறிவிட்டது? கொஞ்சம் காலமும் மாறியிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கையில் விஷய ஞானமும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது என் கட்சி.

நம்ம வார்டுக்கே வருவோம். பொட்டாசியம் குளோரைடு, 'கேசிஎல்' என்பார்கள். சின்ன ஆம்பியூல். சலைனில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டியது. அப்படியே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். டியூட்டி டாக்டர் அவசரத்தில் "ஒரு கேசிஎல் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர், ஒரு நிமிஷம். சலைன்ல கலந்துதானே? எத்தனை மணி நேரம் ஓடணும்? கேஸ் ஷீட்ல எழுதிருங்க" என்கிறார் சிஸ்டர். இதில் சண்டையும் இல்லை, சவடாலும் இல்லை. ஆனால் இதைக் கேட்க அந்த மருந்து தெரிந்திருக்க வேண்டும், நின்று பேச நேரம் வேண்டும். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. வார்டு முழுக்க ஒரே ஆள் ஓடிக்கொண்டிருக்கும் ராத்திரியில், கேட்க நினைத்த கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும்.

கேட்பதையே வேலையாக்கிவிடுவது இன்னொரு வழி. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று கத்தி வைக்கும் முன் ஒருவர் உரக்கக் கேட்பார். பெரும்பாலும் அது நர்ஸ்தான். சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளானாலும் பதில் சொல்லியாக வேண்டும். டெல்லி உட்பட 8 நகரங்களில் பார்த்ததில் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. படிக்காமலே டிக் அடிக்கிற தியேட்டரில் இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் கிட்டத்தட்ட இந்த வழிதான், யாருக்கு எது வேலை என்று வகுத்துவிடுவது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து அங்கேயே பயிற்சி கொடுத்தார்கள். சர்ஜன் ஒரு மேசையில் ஆபரேஷன் செய்யும்போதே அடுத்த மேசையில் நோயாளியைத் தயார் செய்வது அவர்கள் பொறுப்பு. முறைப்படி நர்சிங் படித்தவர்கள் இல்லை என்ற குறை உண்டு. ஆனாலும் தன் வேலை இன்னது என்று துல்லியமாகத் தெரிந்த பெண்ணிடம் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது.

வேலையே நிலையில்லை என்றால்? 2015-இல் தமிழக அரசு ஆயிரக்கணக்கான நர்சுகளை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது அவர்களின் நம்பிக்கை. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் டிஎம்எஸ் என்கிற மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தனியாக வார்டில் ஒரு டாக்டரை மறித்துக் கேட்கத் தயங்கக்கூடியவர்கள்தான், சேர்ந்து உட்கார்ந்ததும் அரசாங்கத்தையே கேட்டார்கள். சம்பளம் பிற்பாடு 14,000 ஆனது.