முன்சக்கர ஒலி (தானுந்து)

தானுந்து (கார்) ஓடும்போது அதன் முன்சக்கரப் பகுதியிலிருந்து வழக்கத்துக்கு மாறாக எழும் உறுமல், கீச்சொலி, தட்டொலி முதலியன முன்சக்கர ஒலிகள் எனப்படுகின்றன. சக்கரத் தாங்கி (வீல் பேரிங்), பிரேக், இயக்கத் தண்டின் மூட்டு, டயர் ஆகியவற்றுள் ஒன்று தேய்ந்திருப்பதையே இவை பெரும்பாலும் உணர்த்துகின்றன. ஒலி எவ்வாறு இருக்கிறது என்பதைக் காட்டிலும் அது எப்பொழுது எழுகிறது, எப்பொழுது மாறுகிறது என்பதே பழுதைக் கண்டறிய உதவும். ஒருவர் உறுமல் என்பதை மற்றவர் இரைச்சல் என்பார். ஆனால் ஒலி திருப்பத்தில் மட்டும் கேட்கிறதா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

எஞ்சினா, சக்கரமா?

ஆளரவமற்ற நேர்ச்சாலையில் எஞ்சினை நிறுத்தாமல் கியரை மட்டும் நியூட்ரலுக்கு மாற்றினால், எஞ்சினின் சுழற்சி தணியும். அப்போதும் ஒலி நீடித்து, வண்டியின் வேகம் குறையக் குறையத் தானும் தாழ்ந்தால் அது சக்கரத்தைச் சார்ந்ததாகும். சிறிய தானுந்தின் டயர்ச் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 9 முறை சுழல்கிறது, 10 கி.மீ. வேகத்தில் 1.5 முறையே சுழல்கிறது. ஆகவே மெதுவாக ஓட்டித் தட்டொலியை எண்ண இயலும். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு எனில், டயரின் பள்ளத்தில் சிக்கிய கல்லையோ தைத்த ஆணியையோ முதலில் தேட வேண்டும்.

சக்கரத் தாங்கி

தாங்கியின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே குண்டுகள் அல்லது உருளைகள் கிரீசில் உருள்கின்றன. காப்பு வளையம் பழுதுபட்டு நீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு, உருளும் பரப்பில் நுண்ணிய குழிகள் தோன்றும். இதனால் எழும் முனகல் வேகத்துடன் உயர்ந்து உறுமலாகிறது. வண்டி இடப்புறம் திரும்பும்போது எடை வலச்சக்கரங்களின் மேல் சாய்வதால், இடத்திருப்பத்தில் ஒலி மிகுந்தால் வலப்புறத் தாங்கி ஐயத்துக்குரியதாகும். எனினும் இருவரிசைக் குண்டுகள் கொண்ட தாங்கியில் எந்த வரிசை தேய்ந்தது என்பதைப் பொறுத்து இது மாறக்கூடும். ஒலி வண்டியின் உடல் வழியே பரவுவதால், எந்தப் பக்கம் என்பதைக் காதை மட்டும் நம்பித் தீர்மானிப்பதும் ஏமாற்றத்தையே தரும்.

சீரற்றுத் தேய்ந்த டயரும் ஏறத்தாழ இதே ஒலியை எழுப்பும்; நல்ல தாங்கிகள் வீணாகக் கழற்றப்படுவதற்கு இது ஒரு காரணம். டயரின் ஒலி, தார்ச்சாலையிலிருந்து காங்கிரீட் சாலைக்கு மாறும்போது தெளிவாக மாறும். தாங்கியின் ஒலி அவ்வளவாக மாறாது. ஒரே பக்கத்து முன், பின் சக்கரங்களை இடம் மாற்றிப் பார்த்தால், ஒலியும் பின்னால் செல்லுமாயின் குற்றம் டயரினுடையது.

கையால் ஆராய்தல்

வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்குகால் வைத்த பின்னரே சக்கரத்தைத் தொட வேண்டும். கடிகார முகப்பில் 12, 6 ஆகிய இடங்களைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், வேறொருவர் பிரேக்கை அழுத்த வேண்டும். ஆட்டம் மறைந்தால் தாங்கி தேய்ந்துள்ளது. மறையாவிட்டால் பால் ஜாயின்ட் போன்ற வேறு மூட்டு தளர்ந்துள்ளது. 9, 3 ஆகிய இடங்களில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கின் டை ராடு முனையை ஆராய்வர். சுருள்வில்லின் மேல் ஒரு கையை வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால், கெட்ட தாங்கியின் சொரசொரப்பு விரல்களுக்குத் தெரியும்.

திருப்பத்தில் சொடுக்கொலி

இது முன்சக்கர இயக்க வண்டிகளுக்கு உரியது. அம்பாசடர் பின்சக்கர இயக்கம் கொண்டது. 1983இல் வெளிவந்த மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. திரும்பும் சக்கரத்துக்கே ஆற்றலையும் செலுத்த, சி.வி. ஜாயின்ட் எனும் சீர்வேக மூட்டு தேவைப்படுகிறது. ஆறு குண்டுகள் கொண்ட அதன் பரவலான வடிவத்தை ஆல்பிரட் செப்பா 1920களில் உருவாக்கினார். 1959இல் வந்த மினி தானுந்து இவ்வகை மூட்டைப் பயன்படுத்தியது. மூட்டை மூடிய ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மணல் புகும். பின்னர், ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி வண்டியை நகர்த்தும்போது அடுத்தடுத்துச் சொடுக்கொலி கேட்கும்.

பிரேக் ஒலிகள்

பல பிரேக் பேடுகளில், தேய்மானம் எல்லையை அடைந்ததும் தட்டில் உரசிக் கீச்சிடும் மெல்லிய எஃகுத் தகடு உண்டு. அதைப் பொருட்படுத்தாவிடில் உலோகத்தோடு உலோகம் அரையும் கரகரப்பு தொடரும். மழைக்குப் பின் காலையில் கேட்கும் உரசல், தட்டில் படிந்த மெல்லிய துருவினால் வருவது. சில முறை பிரேக் பிடித்ததும் மறையும்.

இடர்களும் மாற்றீடும்

டயர் மாற்றிய சில நாட்களில் தட்டொலி எழுந்தால் உடனே நிறுத்திச் சக்கர நட்டுகளைச் சோதிக்க வேண்டும். தளர்ந்த நட்டுகளால் சக்கரம் கழன்றுவிடலாம். பால் ஜாயின்ட் கழன்றாலோ சக்கரம் மடங்கி, வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். தாங்கி உறுமத் தொடங்கிய பின்னும் வண்டி ஓடுவதால் பலர் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடுகின்றனர். குழிகள் தாமாக ஆறுவதில்லை. பழைய வண்டிகளின் கூம்புருளைத் தாங்கியைக் கழுவிக் கிரீஸ் இட்டு இறுக்கத்தைச் சரிசெய்யலாம். மூடிய வகையை மாற்றியே ஆக வேண்டும். புதிய தாங்கியை வெளிவளையத்தில் அழுத்திப் பொருத்த வேண்டிய இடத்தில் உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் வளையத்தில் தழும்பு ஏற்படுத்தும். பழைய ஒலி விரைவில் திரும்ப வரும்.