எந்திரத்தில் படியும் கரி

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே திருவள்ளூருக்கும் இருப்புப் பாதைகள் செல்கின்றன. முன்னாளில் வயலும் ஏரியும் மிகுந்திருந்த இவ்விரு பாதைகளின் மருங்கில் இன்று தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. மோட்டார் வண்டியின் வரலாற்றிலும் இப்பகுதிக்கு ஓர் இடம் உண்டு. 1948ஆம் ஆண்டில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், கும்மிடிப்பூண்டிப் பாதையிலுள்ள எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 என்னும் பெட்ரோல் கார்களை இணைத்து உருவாக்கியது. 1998இல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் கார்கள் வெளிவந்தன. 2022இல் அறிமுகமான சிட்ரோன் சி3 காரும் திருவள்ளூரில் உருவானதே. இக்கார்கள் காலத்தாலும் அமைப்பாலும் வேறுபட்டவை. ஆயினும் இவை அனைத்துக்கும் பொதுப்பகை ஒன்று உண்டு. அதுவே எந்திரத்துள் படியும் கரி.

கரி எங்கிருந்து வருகிறது? பெட்ரோல், கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். அது முற்றும் எரிவதற்கு எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த அளவு அமைந்து நன்கு எரிந்தால் நீராவியும் கரியமில வாயுவுமே பெரும்பாலும் எஞ்சும். காற்றுக் குறைந்தாலோ, எந்திரம் போதிய சூடு ஏறாமல் இருந்தாலோ பெட்ரோல் அரைகுறையாக எரியும். அடுப்பில் ஈர விறகு புகைந்து பானையின் அடியைக் கருக்குவது போல, அரைகுறையாக எரிந்த பெட்ரோலும் எந்திரத்தின் உட்புறத்தைக் கருக்குகிறது. மசகெண்ணெயின் ஆவியும் காற்றுக் குழாய்க்குள் புகுந்து, சூடான இடங்களில் ஒட்டிக் கருகுகிறது. இவ்வாறு பிஸ்டனின் தலையிலும், வால்வுகளிலும், ஸ்பார்க் பிளக்கின் முனையிலும், காற்றின் வரவை அடக்கும் தகட்டின் விளிம்பிலும் கரி படிகிறது.

இப்படிவு முதலில் தன்னைக் காட்டிக் கொள்ளும் இடம் யாது? வண்டி நிற்க, எந்திரம் மட்டும் மெதுவாகச் சுழலும் நிலையே அது. இதனைத் தொழிலாளர் ‘ஐடிலிங்’ என்பர். அப்போது எந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முறை சுழலும். நான்கு சிலிண்டர் உள்ள எந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கும். எனவே நிமிடத்துக்கு 1,600 வெடிப்புகள் ஒழுங்காக நிகழவேண்டும். பல்லக்குத் தூக்கும் நால்வருள் ஒருவன் கால் இடறினால் பல்லக்கே ஆடும். அதுபோல ஒரு சிலிண்டர் தவறினாலும் வண்டி முழுதும் நடுங்கும். வேகமாக ஓடும்போது சுழல் சக்கரத்தின் விசை இக்குறையை ஓரளவு மறைத்துவிடும். மேலும், ஐடிலிங்கில் எந்திரம் இழுக்கும் காற்று மிகக் குறைவு. தகட்டின் விளிம்பில் மெல்லிய கரி படிந்தாலும் அச்சிறு காற்றின் அளவு மாறிவிடும். ஆகவே எந்திரம் தடுமாறுகிறது. சில வேளைகளில் நின்றும் போகிறது.

இக்கரியை அகற்றும் முறை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. ஆஸ்டின் காலத்தில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தந்தது கார்புரேட்டர். அதன் அளவு நுட்பமானது அன்று. ஆதலால் கரி மிகுதியாகப் படிந்தது. குறிப்பிட்ட தொலைவு ஓடியபின் எந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றி, பிஸ்டனின் மேலுள்ள கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்துவது அந்நாளைய வழக்கம். லான்சர் போன்ற கார்களில் தெளிப்பான்கள் பெட்ரோலை வால்வின் அருகே தூவின. கலவையின் அளவு சீராயிற்று. தூவப்பட்ட பெட்ரோலும், அதில் கலந்துள்ள தூய்மை செய்யும் பொருளும் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே இருந்தன.

பின்னர் வந்தது மற்றொரு முறை. 1996இல் ஜப்பானில் மிட்சுபிஷி நிறுவனம், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் எந்திரத்தைக் காரில் அமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்முறை இன்று பல நாட்டுக் கார்களில் காணப்படுகிறது. இதனால் எரிபொருள் மிச்சமாகும். ஆயின் பெட்ரோல் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. கழுவுவார் இல்லாத இடத்தில் கரி கெட்டியாகப் படிகிறது. பெட்ரோலில் ஊற்றும் மருந்து எதுவும் அங்கே சென்று சேராது. வால்நட் கொட்டையின் ஓட்டைப் பொடியாக்கி, அழுத்தக் காற்றுடன் வீசி, அக்கரியை உதிர்க்கின்றனர். ஓடு கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கெடுக்காது.

எந்திரம் நடுங்கினால் கரிதான் காரணம் என்று உடனே முடிவு செய்யலாகாது. தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான மின்சுருள், காற்றுக் கசியும் ரப்பர்க் குழாய், எந்திரத்தைத் தாங்கும் இற்றுப்போன ரப்பர் ஆகியவையும் அதே நடுக்கத்தைத் தரும். மருத்துவர் நோயாளியின் நாவைப் பார்ப்பதுபோல, தேர்ந்த தொழிலாளி முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறான். முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் நன்று. உலர்ந்த கருமை இருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு கூடிய கருமை இருந்தால் மசகெண்ணெய் உள்ளே இறங்குகிறது. எண்ணெய் இறங்கும் எந்திரத்தில் கரியை மட்டும் துடைத்தால் அது மீண்டும் படியும். காரணம் அறியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றுவது வீண் செலவு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவனுக்கு அது பல நாள் ஊதியம்.

வருமுன் காப்பது எளிது. காற்று வடிகட்டியைக் காலத்தில் மாற்றவேண்டும். உருக்காலைகளும் கனரக வண்டிகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் தூசு மிகுதியாதலால் இதில் கூடுதல் கவனம் தேவை. மசகெண்ணெய் உற்பத்தியாளர் குறித்த தரத்தினதாக இருத்தல் வேண்டும். நாள்தோறும் கடைத்தெரு வரை மட்டும் ஓடும் எந்திரம் முழுச் சூடு ஏறுவதில்லை. இடையிடையே அதனை நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுதல் நலம். கதவடைத்த கொட்டகையில் எந்திரத்தை ஓடவிட்டுச் சோதிப்பது பெருந்தீங்கு. அரைகுறை எரிதலில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு; உணருமுன் உயிரைக் கவரும்.

நடுங்கும் எந்திரம் தன் உரிமையாளனின் பெட்ரோலை மட்டும் வீணாக்குவதில்லை. சாலையோரம் நடப்போரும் பள்ளி செல்லும் சிறுவரும் அதன் புகையைச் சுவாசிக்கின்றனர். எனவே எந்திரத்தைச் செவ்வையாகப் பேணுதல் தனக்குச் சிக்கனம், பிறர்க்கு நன்மை. சிறுகச் சிறுகப் படியும் மாசு பெருங்கேடாக வளருமுன், அதன் முதற் குறியைக் கண்டு காரணத்தை ஆராய்ந்து நீக்குவதே அறிவுடைமை.