‘வெட்டிவேரியா’ எங்கே போனது?

கோடை வந்துவிட்டால் பல வீடுகளில் பரணில் இருந்து மண்பானை இறங்கிவிடும். நாட்டு மருந்துக் கடையில் ஒரு சின்னக் கட்டு வெட்டிவேர் வாங்கி, கழுவி, துணியில் முடிந்து பானைக்குள் போட்டுவிட்டால் போதும். மறுநாள் காலையில் குடிக்கும் தண்ணீருக்குத் தனி மணம் வந்துவிடும். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி, பூஜையறையில் வெட்டிவேர் மாலை, குளியலுக்கு வெட்டிவேர் சேர்த்த அரப்பு என்று இந்த வேர் நம் வீட்டோடு கலந்த ஒன்று.

ஆனால், அதே கட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? சில பாக்கெட்களில் ‘வெட்டிவேரியா ஜிசானியாய்டிஸ்’ என்று இருக்கும். வேறு சிலவற்றில் ‘கிரைசோபோகன் ஜிசானியாய்டிஸ்’ என்று இருக்கும். இரண்டும் வேறு வேறு செடியோ என்று சந்தேகம் வருவது இயல்பு. இரண்டும் ஒன்றுதான். ஒரு சாதாரணப் புல்லுக்கு ஏன் இத்தனை பெயர் என்று கேட்டால், அதற்குப் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான கதை இருக்கிறது. அந்தக் கதையின் நடுவில், ஒரு தமிழ்ச் சொல் லத்தீன் வேடம் போட்டு உலகம் சுற்றியிருக்கிறது.

லின்னேயஸ் வைத்த முதல் பெயர்

ஊருக்கு ஊர் செடியின் பெயர் மாறும். தமிழில் வெட்டிவேர், மலையாளத்தில் ராமச்சம், இந்தியில் கஸ், சம்ஸ்கிருதத்தில் உசீரம். உலகம் முழுவதும் ஒரே பெயரில் ஒரு செடியைக் குறிப்பிட வேண்டும் என்பதற்காக ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் இரு சொல் பெயர் முறையைக் கொண்டுவந்தார். முதல் சொல் பேரினம்; நம் வீட்டுப் பெயர் மாதிரி. இரண்டாவது சொல் சிற்றினம். அந்தச் செடிக்கே உரிய பெயர். 1753-ல் வெளியான அவருடைய நூலில் இருந்துதான் தாவரப் பெயர்களின் கணக்கே தொடங்குகிறது.

வெட்டிவேருக்கு அவர் 1771-ல் வைத்த பெயர் ‘ஃபலாரிஸ் ஜிசானியாய்டிஸ்’. ஃபலாரிஸ் என்பது பறவைத் தீவனமாகப் பயன்படும் கேனரி புல்லின் குடும்பப் பெயர். அந்த இடம் வெட்டிவேருக்குப் பொருந்தவில்லை. ஆனால், ‘ஜிசானியாய்டிஸ்’ என்ற இரண்டாவது சொல் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு ‘ஆற்றங்கரையில் வளர்வது’ என்று சில கட்டுரைகளில் பொருள் சொல்கிறார்கள். வெட்டிவேர் ஆற்றோரத்தில் வளரக்கூடியது என்பதால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நேரான பொருள் அதுவல்ல. ‘ஜிசானியா போன்றது’ என்பதே பொருள். ஜிசானியா என்பது அமெரிக்கக் காட்டரிசிக்கு லின்னேயஸ் வைத்த பேரினப் பெயர். அதன் மூலமான கிரேக்கச் சொல், கோதுமை வயலில் முளைக்கும் களையைக் குறிப்பது. பைபிளில் கோதுமைக்கு இடையே களைகளை விதைத்தவன் பற்றிய உவமையில் கிரேக்க மூலத்தில் வருவதும் இந்தச் சொல்தான். வாசனைக்காகவும் மருந்துக்காகவும் நாம் தேடிப் போய் வாங்கும் வேருக்கு, களையின் சாயல் கொண்ட பெயர்!

தரங்கம்பாடி டாக்டர்

அந்தக் காலத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் பலரும் நம் ஊர்ச் செடிகளை நேரில் பார்த்ததில்லை. உலர்த்தித் தாளில் ஒட்டி, கப்பலில் வந்த மாதிரிகளைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். அப்படி அனுப்பியவர்களில் முக்கியமானவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செடிகளைச் சேகரித்து, லின்னேயஸுக்கும் ஸ்வீடனின் லண்ட் நகரில் இருந்த ரெட்சியஸ் போன்றவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த ரெட்சியஸ், 1783-ல் வெட்டிவேருக்கு இன்னொரு பெயர் வைத்தார்: ‘ஆண்ட்ரோபோகன் மியூரிகேட்டஸ்’. ஆண்ட்ரோபோகன் என்றால் கிரேக்கத்தில் ‘ஆணின் தாடி’. பூங்கதிரில் இருக்கும் ரோமங்களைப் பார்த்து வந்த பெயர். மியூரிகேட்டஸ் என்றால் சொரசொரப்பான சிறு முட்கள் கொண்டது. வெட்டிவேர்ப் பூவின் உமியைத் தொட்டுப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு தெரியும். பொருத்தமான வர்ணனைதான். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நூல்களில் இந்தப் பெயரே நிலைத்தது.

லத்தீன் வேடத்தில் தமிழ்

இதற்கிடையில் வேரும் அதன் தமிழ்ப் பெயரும் கப்பலேறிவிட்டன. மண்ணை வெட்டி எடுக்கும் வேர் என்பதால் ‘வெட்டிவேர்’. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது ‘வெத்திவேர்’ ஆனது. அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கும் போனது.

பிரெஞ்சு அறிஞர் போரி த சேன்-வேன்சான், இளவயதில் இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸுக்கும் ரியூனியனுக்கும் பயணம் செய்தவர். இந்தப் புல்லைத் தனிப் பேரினமாகப் பிரிக்க வேண்டும் என்று 1822-ல் அவர் முடிவு செய்தபோது, கிரேக்கத்திலோ லத்தீனிலோ புதுச்சொல் தேடவில்லை. மக்கள் சொல்லும் பெயரையே எடுத்து, கடைசியில் லத்தீன் ஒட்டு சேர்த்து ‘வெட்டிவேரியா’ என்று வைத்துவிட்டார். நம் பாட்டிகள் மருந்துக் கடையில் கேட்ட சொல், அப்படித்தான் உலகத் தாவரவியலில் ஏறியது.

பெயர்க் குழப்பம்

ஆனாலும் குழப்பம் தீரவில்லை. 1889-ல் எட்வர்ட் ஹாக்கெல் என்ற புல்லியல் நிபுணர், வெட்டிவேரின் பெயர் ‘ஆண்ட்ரோபோகன் ஸ்குவாரோசஸ்’ என்று எழுதினார். ஹூக்கரின் புகழ்பெற்ற ‘பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள்’ நூலும் அதையே பின்பற்றியது. பெரியவர்கள் எழுதியதால் மற்றவர்களும் அப்படியே எழுதினார்கள். ஆனால், அந்தப் பெயர் முதலில் வைக்கப்பட்டது வேறொரு புல்லுக்கு! 1906-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஓட்டோ ஸ்டாஃப், இந்தியா, இலங்கையின் எண்ணெய்ப் புற்களைப் பற்றி விரிவாக எழுதி இந்தத் தவறை எடுத்துக் காட்டினார்.

தாவரப் பெயர்களில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு செடிக்கு யார் முதலில் முறைப்படி பெயர் வைத்தாரோ, அந்தச் சிற்றினப் பெயர்தான் செல்லும். செடியை வேறு பேரினத்துக்கு மாற்றினாலும் அந்தச் சொல் கூடவே போகும். அதனால் 1783-ன் மியூரிகேட்டஸ் தோற்றது. 1771-ன் ஜிசானியாய்டிஸ் வென்றது. முதல் பெயர் வைத்தவரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக, அறிவியல் பெயரை முழுதாக எழுதும்போது லின்னேயஸின் முதலெழுத்தை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பார்கள்.

அந்த விதிப்படி ‘வெட்டிவேரியா ஜிசானியாய்டிஸ்’ என்ற சேர்க்கையை 1903-ல் வெளியிட்டவர் நியூயார்க் தாவரவியல் தோட்டத்தின் ஜார்ஜ் நாஷ். அது அச்சானதோ அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களின் தாவரங்களைப் பற்றிய நூலில்! அதற்குள் நம் வெட்டிவேர் அமெரிக்க மண்ணிலும் வேர் பிடித்திருந்தது.

மீண்டும் மாறிய வீட்டுப் பெயர்

கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அந்தப் பெயர் நிம்மதியாக இருந்தது. பிறகு, ‘கிரைசோபோகன்’ என்ற இன்னொரு புல்லினத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது சிக்கல் வந்தது. கிரைசோபோகன் என்றால் ‘பொன் தாடி’. அதன் பூங்கதிர்க் கிளை ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் மூன்று சிறுகதிர்களே இருக்கும். வெட்டிவேரியாவில் நிறைய இருக்கும். இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் இரண்டையும் பிரித்தார்கள். ஆனால், இரண்டுக்கும் நடுவே நிற்கும் சிற்றினங்கள் பல. எங்கே கோடு போடுவது என்று தெரியவில்லை.

1960-ல் கை ரொபெர்ட்டி என்பவர் வெட்டிவேரை கிரைசோபோகனில் சேர்த்து வெளியிட்டார். அப்போது அதை அதிகம் பேர் ஏற்கவில்லை. 1999-ல் நெதர்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்த வெல்ட்காம்ப், எல்லாவற்றையும் மறுபடி அலசி, இரண்டும் ஒரே பேரினம்தான் என்று எழுதினார். இரண்டு பேரினங்கள் ஒன்றானால் எது மூத்த பெயரோ அதுவே நிற்கும். கிரைசோபோகன் 1820-ல் வந்த பெயர். வெட்டிவேரியா 1822. இரண்டே ஆண்டு வித்தியாசத்தில் தமிழ்ப் பெயர் தோற்றுப்போனது!

பெயர் தப்பினால் என்ன ஆகும்?

‘எந்தப் பெயராக இருந்தால் என்ன, மணம் ஒன்றுதானே’ என்று தோன்றலாம். ஆனால், பெயர் தப்பினால் செடியே தப்பிவிடும்.

வெட்டிவேரில் இரண்டு வகை உண்டு. வட இந்தியாவில் தானாக வளரும் வகை விதை விட்டுப் பரவும். தென்னிந்தியாவில் பயிராகும் வகை பூத்தாலும் முளைக்கும் விதை தராது. தூர் பிரித்துத்தான் நட வேண்டும். மண் அரிப்பைத் தடுக்க மேட்டு நிலங்களிலும் சாலைச் சரிவுகளிலும் நடுவதற்கு இந்த இரண்டாவது வகையே ஏற்றது. வைத்த இடத்தில் நிற்கும், பக்கத்து வயலுக்குப் பரவாது. வேரோ செங்குத்தாக மூன்று மீட்டர் வரை இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். விதை விடும் வகையைத் தெரியாமல் கொண்டுபோய் நட்டால், லின்னேயஸின் பெயரில் ஒளிந்திருக்கும் களை நிஜமாகவே வந்துவிடும்.

தாய்லாந்தில் ‘ஃபேக்’ என்று ஒரே பெயரில் இரண்டு சிற்றினங்களை அழைப்பார்கள். ஒன்று நம் மணமுள்ள வெட்டிவேர். மற்றொன்று மேட்டு நிலங்களில் வளரும் உறவுக்காரப் புல். அதன் வேரில் இந்த மணம் கிடையாது. அதை நட்டுவிட்டு எண்ணெய்க்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

இன்னொரு பக்கம், பெயர் பல, செடி ஒன்று என்ற கதையும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ‘சன்ஷைன்’, ஆஸ்திரேலியாவில் ‘மோன்ட்டோ’, தென்னாப்பிரிக்காவில் ‘வல்லோனியா’ என்று வெவ்வேறு ரகங்களாகக் கருதப்பட்டவை, மரபணுச் சோதனையில் ஒன்றாகவே இருந்தன. பேய்லர் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆடம்ஸ் குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவுக்கு வெளியே பல நாடுகளில் இருந்து வந்த மாதிரிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே செடியின் நகல்கள் என்று தெரிந்தது. ஒரே தூரைப் பிரித்துப் பிரித்து உலகம் முழுக்க நட்டிருக்கிறார்கள்!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை நோய் தாக்கியபோது, பெரும்பாலும் ஒரே ரகத்தைப் பயிரிட்டிருந்ததால் விளைச்சல் மொத்தமாக அழிந்து பஞ்சம் வந்தது. அப்படி ஒரு நோய் இந்தப் புல்லுக்கு வந்தால், மாற்று ரகங்களைத் தேடி வர வேண்டிய இடம் வெட்டிவேரின் தாய்வீடான இந்தியாதான். அதனால்தான் லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் நிறுவனம் தந்த தாரிணி, குலாபி, கேசரி போன்ற ரகங்களும், நம் கடலூர்க் கடலோர மணலில் வளரும் வெட்டிவேரும் முக்கியமானவை.

கடையில் கேட்கும்போது...

பெயர்க் குழப்பம் நம் மருந்துக் கடையிலும் உண்டு. ‘விலாமிச்சை’ என்று கேட்டால் ஒரு கடையில் வெட்டிவேரைத் தருவார்கள். இன்னொரு கடையில் குறுவேரைத் தருவார்கள். குறுவேர் புல்லே அல்ல. துளசி, கற்பூரவள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. இதன் வேருக்கும் நல்ல மணம் உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது எது என்று உறுதி செய்துகொண்டு வாங்குவது நல்லது. பானைத் தண்ணீருக்கு என்றால், கம்பிபோல மெல்லியதாக, பழுப்பும் பொன்னிறமும் கலந்து சுருண்டிருக்கும் புல்வேரைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் குறுவேருக்கும் ஒரு பெயர்க் கதை உண்டு. 1941-ல் கே.சி.ஜேக்கப் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, வேரின் மணத்தை நினைவூட்டும் வகையில் ‘கோலியஸ் வெட்டிவெராய்டிஸ்’ என்றார். ‘வெட்டிவேர் போன்றது’ என்று பொருள். பிறகு அந்தச் செடியை வேறு பேரினத்துக்கு மாற்றியபோதும் ‘வெட்டிவெராய்டிஸ்’ என்ற சொல் கூடவே போனது. சிற்றினப் பெயரை அவ்வளவு எளிதில் தூக்கிப் போட முடியாது என்ற அதே விதிதான் காரணம்.

ஆக, வெட்டிவேர் தன் அறிவியல் பெயரில் தமிழை இழந்துவிட்டது. அதன் மணத்தை நினைவூட்டும் இன்னொரு செடி அந்தத் தமிழை வைத்திருக்கிறது. வெட்டிவேர் எண்ணெயின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றுக்கு ‘வெட்டிவோன்’ என்றே பெயர். பாரிஸ் வாசனைத் திரவியப் புட்டிகளிலும் ‘வெத்திவேர்’ என்றுதான் அச்சிடுகிறார்கள்.

அடுத்த முறை லேபிளில் ‘கிரைசோபோகன்’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். பானையில் போடும் அதே வேர்தான் அது.