எதிரணியினர் இருவருக்கு ஒரே நாள்

கி.பி. 217இல் கலிஸ்து உரோமையின் ஆயரானபோது, இப்போலித்து என்ற குரு அவரை ஏற்க மறுத்தார். கடும் பாவம் செய்தவரும் மனம் வருந்தினால் சபையில் மீண்டும் சேரலாம் என்றார் கலிஸ்து. அப்படிச் சேர்த்தால் சபையே கெட்டுப்போகும் என்று கொதித்தார் இப்போலித்து. தம் ஆட்களோடு பிரிந்து போட்டித் திருத்தந்தையானார். கலிஸ்து முன்பு அடிமையாக இருந்தவர், சார்தீனியச் சுரங்கத்தில் தண்டனை அனுபவித்தவர் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது இப்போலித்து எழுதியதாகக் கருதப்படும் நூலிலிருந்துதான். எதிராளி எழுதியது, பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

கலிஸ்துவுக்குப் பின் உர்பான் வந்தார், போந்தியன் வந்தார். பிளவு அப்படியே இருந்தது. 235இல் பேரரசர் மாக்சிமினுஸ் எந்த அணி என்றெல்லாம் பார்க்கவில்லை. போந்தியன், இப்போலித்து இருவரையும் பிடித்து அதே சார்தீனியாவுக்கு நாடு கடத்தினார். திரும்பி வரும் வழியில்லை என்று கண்ட போந்தியன், செப்டம்பர் 28 அன்று பதவி விலகினார். இருவரும் அத்தீவிலேயே மடிந்தார்கள்.

சாவதற்கு முன் சமாதானம் ஆனார்கள் என்பது மரபு. நான் நம்புவது கல்லறைகளை. பின்வந்த திருத்தந்தை ஃபேபியன் காலத்தில் இரண்டு உடல்களும் உரோமைக்கு வந்தன. போந்தியனை அடக்கம் செய்த இடம் கலிஸ்துவின் பெயர் தாங்கிய நிலத்தடிக் கல்லறை. போந்தியன் பெயர் பொறித்த கல் 1909இல் அங்கே துண்டுகளாகக் கிடைத்தது. இப்போலித்துக்கு இடம் திபுர்த்தினா சாலையில். 354ஆம் ஆண்டின் மறைசாட்சிகள் பட்டியலில் இருவருக்கும் ஒரே தேதி: ஆகஸ்ட் 13. பிரிந்துபோனவரை மறைசாட்சியாக ஏற்காத சபை இப்படி எழுதியிருக்காது.

பிற்கால நாட்காட்டிகள் அவர்களைப் பிரித்துவிட்டன. போந்தியன் நவம்பர் 19க்குப் போனார். 1969ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்தான் இருவரையும் மறுபடி ஆகஸ்ட் 13இல் சேர்த்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, இப்போலித்து பெயரில் வழங்கும் 'அப்போஸ்தல மரபு' என்ற பழைய நூலைத் தழுவி இரண்டாம் நற்கருணை மன்றாட்டு உருவானது. நூல் அவருடையதுதானா என்ற ஐயம் இன்று ஆய்வாளர்களிடம் வலுவாக இருக்கிறது. அது தனிக் கதை. மன்றாட்டுகளில் இதுவே சிறியது. வேலைக்கு ஓடுபவர்கள் நிற்கும் வாரநாள் காலைத் திருப்பலியில் நம் ஊர்க் குருக்களும் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள். அக்டோபர் 14, கலிஸ்துவின் நினைவுநாளிலும் இதைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.