டீம்ல பாதி பேர் கிளம்பிட்டாங்க, நாம இருக்கணுமா, போகணுமா?



போன மாசம் அல்லிநகரத்துத் தம்பி ஒருத்தர் நமக்கு நீளமா ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். கோயம்புத்தூர்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை. ஒன்பது பேர் கொண்ட டீம். பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு பேர் பேப்பர் போட்டாங்க, பொங்கல் முடிஞ்சு மூணு பேர். இப்போ மிச்சம் நாலே பேர். "அண்ணா, ஒன்பது பேர் வேலையை நாலு பேர் பார்க்கிறோம். எனக்கும் வெளியில ஒரு ஆஃபர் இருக்கு, கைக்கு மாசம் எட்டாயிரம் கூட வரும். ஊர்ல அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு இஎம்ஐ என் சம்பளத்துலதான் ஓடுது. இருக்கவா, போகவா?" இதுதான் கேள்வி.

வழக்கமா இதுக்கு "ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட் வச்சுக்கோங்க"ன்னு ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அவர் கேட்டது அது இல்லை. ஆட்கள் கொத்தாகக் கிளம்பின ஒரு இடம் அதுக்கப்புறம் என்ன ஆகும், அங்க மிச்சம் இருக்கிறவன் கதி என்ன, அதுதான் கேள்வி. அதைப் புரிஞ்சுக்கக் கால்பந்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை. அதுவும் அவர் வேலை பார்க்கிற அதே கோயம்புத்தூர்ல நடந்த கதை.

கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம், 2019 மார்ச் 9

சென்னை சிட்டி எஃப்சி ஞாபகம் இருக்கா? பேர்தான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர். 2017-ல ஐ-லீக்குக்குள்ள வந்தாங்க. முதல் ரெண்டு சீசனும் அட்டவணையில கீழ்ப்பாதிதான். மூணாவது சீசன்ல, சிங்கப்பூர்ல இருந்து வந்த கோச் அக்பர் நவாஸ் தலைமையில, யாரும் எதிர்பார்க்காத ஆட்டம். கடைசி நாள் மினர்வா பஞ்சாபை 3-1னு அடிச்சு சாம்பியன். 20 ஆட்டத்துல 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! ஐ-லீக் கோப்பையைத் தூக்கின முதல் தமிழ்நாட்டு அணி அதுதான். உருகுவே ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்சி மட்டும் அந்த சீசன்ல 21 கோல்.

அடுத்த ஒன்றரை வருஷத்துல நடந்ததைப் பாருங்க. நெஸ்டர் கோர்டில்லோ ஹைதராபாத் எஃப்சிக்குப் போனார். அந்தக் கடைசி ஆட்டத்துல கோல் அடிச்ச கௌரவ் போரா ஒடிசா எஃப்சிக்கு. 2020 ஜனவரியில, அடுத்த லீக் ஓடிட்டு இருக்கும்போதே, மான்சி ஜப்பானுக்கு. எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019-லயே சென்னையின் எஃப்சிக்கு, 2020-ல ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கு, அஜித் குமார் பெங்களூருவுக்கு. கோச்சும் போயிட்டார். கோப்பை ஷெல்ஃப்ல இருந்தது, அதை ஜெயிச்சவங்க இல்லை. பட்டத்தைத் தக்கவைக்க முடியலை. 2021-22 ஐ-லீக்ல அந்த அணியே இல்லை. உரிமம், வழக்குன்னு அந்தக் கடைசிப் பகுதிக்கு வேற காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் ஆள் போனதுமேல போட முடியாது.

போனவங்களைத் திட்டவும் முடியாது. அப்போ ஐ-லீக்ல சாம்பியன் ஆனாலும் ஐஎஸ்எல்லுக்கு ஏற வழி கிடையாது. மேல ஏறுற அந்தப் படி 2023-லதான் வந்தது, அதுல முதல்ல ஏறினது பஞ்சாப் அணி. 2019-ல பணமும் டிவியும் ஐஎஸ்எல் பக்கம். அணி மேல போக முடியாதுன்னா ஆட்டக்காரன் தனியா மேல போவான். நம்ம ஆபீஸ்லயும் அப்ரைசல்ல "சூப்பர்"னு சொல்லிட்டு அடுத்த கிரேடே இல்லைன்னா இதேதான் நடக்கும்.

ஒருத்தர் போறதும் அஞ்சு பேர் போறதும்

இங்கதான் நிறைய பேர் கணக்கைத் தப்பாப் போடுறாங்க. ஒன்பது பேர்ல அஞ்சு பேர் போனா வேலை பாதியாகும்னு நினைக்கிறோம். அப்படி இல்லைங்க. கம்பம் பக்கம் திராட்சைப் பந்தல் பார்த்திருப்பீங்க. ஒரு கல்தூண் சாய்ஞ்சா சுத்தி இருக்கிற தூண் தாங்கிக்கும், ஆள் வச்சு நிமிர்த்திடலாம். ஒரு வரிசையே சாய்ஞ்சா கம்பி தொய்யும், அந்த பாரம் நல்லா நிக்கிற தூணையும் இழுக்கும். அந்தத் தம்பி இப்போ நல்லா நிக்கிற தூண்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துல இதுக்கு ஒரு பாடப்புத்தகக் கேஸ் இருக்கு. நம்ம கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு முட்டிக்கிற அவங்க ஊர் ஆட்டம். அங்க கல்லூரி அணிதான் பெரிய பிசினஸ். டெக்சாஸ்ல சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், சுருக்கமா எஸ்எம்யு. ஆட்டக்காரங்களுக்கு ரகசியமாப் பணம் கொடுத்தாங்கன்னு 1987 பிப்ரவரியில தண்டனை வந்தது. அந்த வருஷ சீசனே ரத்து. அடுத்த வருஷம் ஆட ஆள் தேறாதுன்னு கல்லூரியே 1988-ஐயும் விட்டுடுச்சு. மாணவர்கள் உடனே வேற கல்லூரிக்குப் போய் ஆடலாம்னு அனுமதி கொடுத்தாங்க. மத்த கல்லூரிக் கோச்கள் கேம்பஸுக்கே வந்து ஆள் பிடிச்சாங்க, பாதிக்கு மேல காலி.

1989-ல திரும்ப ஆட வந்தப்போ அணியில பெரும்பாலும் முதல் வருஷப் பசங்க. அந்த அக்டோபர்ல ஹூஸ்டன்கிட்ட 95-21னு தோத்தாங்க. சீசன் முழுக்க 2 வெற்றி, 9 தோல்வி. அடுத்த வருஷம் 1 வெற்றி, 10 தோல்வி. தோல்வியைவிட வெற்றி அதிகமான ஒரு சீசனைப் பார்க்க 1997 வரை ஆச்சு. சீசன் முடிவுல நடக்கிற பௌல் ஆட்டத்துக்குத் திரும்பத் தகுதி பெற்றது 2009-ல. ரெண்டு வருஷத் தண்டனை, இருபது வருஷ பாதிப்பு.

ஏன் இவ்வளவு காலம்? கல்லூரி அணிங்கிறது படிக்கட்டு மாதிரி. நாலாம் வருஷம் ஆடுறவன் முதல் வருஷப் பையனுக்கு எங்க நிக்கணும், எப்போ ஓடணும்னு மைதானத்துலயே சொல்லிக் கொடுப்பான். அந்தப் பையன் மூணு வருஷம் கழிச்சு அடுத்தவனுக்குச் சொல்வான். மேல் படியும் நடுப்படியும் ஒண்ணா உடைஞ்சா, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. தோக்குற அணிக்கு நல்ல பசங்க வரமாட்டாங்க, வராததால திரும்பத் தோல்வி. நடுவுல சில வருஷம் எஸ்ஐபியை நிறுத்தினா கடைசித் தொகையில எவ்வளவு குறையுதுன்னு நம்ம வீடியோவுல பார்த்தோமே, அதே கணக்குதான்.

எதிர் உதாரணமும் சொல்லணும். கொலராடோ பல்கலைக்கழக அணி 2022-ல 1 வெற்றி, 11 தோல்வி. புது கோச் டியான் சாண்டர்ஸ் வந்து பழைய ஆட்களைப் பெரும்பாலும் வெளிய அனுப்பிட்டு, வேற கல்லூரிகள்ல இருந்து ஆள் கொண்டுவந்தார். 2023-ல 4-8, 2024-ல 9-4. ஆக, ஆள் போறது மட்டும் ஆபத்து இல்லை. போன இடத்துக்கு ஆள் வருதா, வர்றவங்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்கா, இதைத்தான் பார்க்கணும்.

அதனால அந்தத் தம்பிகிட்ட நான் முதல்ல கேட்டது, "உங்க கம்பெனி ஆள் எடுக்குதா?" அஞ்சு இடத்துக்கு ஒரே ஒரு ஃப்ரெஷர் வந்திருக்கார்னு சொன்னார். அந்த ஃப்ரெஷருக்கு யார் சொல்லித் தர்றாங்கன்னு கேட்டேன். "நான்தான், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல."

இப்போ கணக்குக்கு வருவோம்

அவர் சேர்ந்து நாலு வருஷம் மூணு மாசம் ஆச்சு. பேசிக் 26,000. கிராஜுவிட்டி ஃபார்முலா தெரியும்தானே: கடைசியா வாங்கின பேசிக், டிஏ ரெண்டையும் கூட்டி 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கணும், அதை வருஷத்தால பெருக்கணும். இவருக்கு வருஷத்துக்கு 15,000. அஞ்சு வருஷம்னா 75,000. இப்போ கிளம்பினா அதுல ஒரு ரூபாயும் வராது.

சட்டத்துல அஞ்சு வருஷம்னு இருந்தாலும், நாலு வருஷம் முடிச்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா கிராஜுவிட்டிக்குத் தகுதி உண்டுன்னு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. சில கம்பெனிகள் இதை ஏத்துக்கும், சில இழுத்தடிக்கும். அதனால ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேளுங்க, வாய்ப்பேச்சு வேண்டாம். இவருக்கு 240 நாள் கணக்குக்கு இன்னும் அஞ்சு மாசம். நாள் கணக்குல தகராறு வரக்கூடாதுன்னு ஒரு மாசம் கூட வச்சு ஆறு மாசம்னு வையுங்க.

ஆறு மாசம் காத்திருந்தா புது ஆஃபர்ல மாசம் 8,000 வீதம் 48,000 போகும். வர்றது 75,000. காகிதத்துல காத்திருக்கிறது 27,000 லாபம்.

ஆனா நிறைய பேர் மறக்கிற ஒண்ணு: நோட்டீஸ் பீரியடும் சர்வீஸ்தான். இவருக்கு மூணு மாச நோட்டீஸ். அதை முழுசா வேலை பார்த்துக் கழிச்சா, மூணு மாசம் கழிச்சு பேப்பர் போட்டாலே ஆறு மாசக் கணக்கு வந்துடும். புது கம்பெனிகிட்ட இந்தத் தேதியை இப்பவே பேசலாம். அவங்க அவசரப்பட்டா, "நான் 75,000 விட்டுட்டு வர்றேன், ஜாயினிங் போனஸா கொடுங்க"ன்னு கேட்கலாம். கேட்கும்போது ஒண்ணு கவனிங்க: தனியார் ஊழியருக்கு கிராஜுவிட்டி 20 லட்சம் வரை வரி இல்லை, ஜாயினிங் போனஸ் சம்பளத்தோட சேர்ந்து வரிக்குள்ள வரும். ஒரு வருஷத்துக்குள்ள கிளம்பினா திருப்பிக் கொடுக்கணும்னு ஒரு வரியும் அதுல இருக்கும், படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

இந்த 27,000 லாபம் எல்லாம் கம்பெனி உயிரோட இருந்தாத்தான். எப்படித் தெரிஞ்சுக்கிறது? மேனேஜர் முகத்தைப் பார்த்து இல்லை. உங்க பிஎஃப் பாஸ்புக்கைப் பாருங்க. இந்த மாசச் சம்பளத்துக்கான பிஎஃப் அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டியாகணும். உங்க சம்பளத்துல பிடிச்சுட்டு, பாஸ்புக்ல ரெண்டு மூணு மாசமா வரவே இல்லைன்னா, என்னைக் கேட்டா அது பணம் இல்லாத கம்பெனி. அங்க கிராஜுவிட்டிக்காக உட்கார்ந்திருக்கிறது, நாளைக்கு லீக்லயே இல்லாத அணியில கோப்பைக்காகக் காத்திருக்கிற மாதிரி. உடனே கிளம்புங்க.

கிளம்பும்போது பிஎஃப்பை எடுத்துச் செலவு பண்ணாதீங்க, புதுக் கணக்குக்கு மாத்துங்க. அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் ஆகாம எடுத்தா வரி வரும், மாத்தினா பழைய சர்வீஸும் சேர்ந்து கணக்காகும். பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷமும் அப்படித்தான் சேரும். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கடைசி நாளோட முடிஞ்சிடும். ஊர்ல இருக்கிற அப்பா அம்மா அந்த பாலிசியிலதான் இருக்காங்கன்னா, புது வேலையில சேர்ற நாள் வரைக்கும் நடுவுல என்ன ஏற்பாடுன்னு முன்னாடியே பார்த்துடுங்க.

இருக்கிறதுன்னு முடிவு பண்ணினா, சும்மா இருக்காதீங்க. ஒன்பது பேர் வேலையை நாலு பேர் பார்க்கும்போது உங்க விலை கூடியிருக்கு, அந்த விலை எப்பவும் இதே அளவுல நிக்காது. புது ஆள் அஞ்சு பேர் வந்து உட்கார்ந்துட்டா பேரம் முடிஞ்சது. டெசிக்னேஷன், சம்பளம், எந்தத் தேதியில இருந்து, மூணும் மெயில்ல வரணும். "ஏப்ரல்ல பார்த்துக்கலாம்பா"ங்கிறது பதில் இல்லை. ரிடென்ஷன் போனஸ் கொடுத்தா எத்தனை மாசம் கட்டிப்போடுறாங்கன்னு பாருங்க.

தம்பி அன்னைக்கு ராத்திரியே பாஸ்புக்கைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். எல்லா மாசமும் வந்திருக்கு, போன மாசம் மட்டும் பதினெட்டாம் தேதி. மூணு நாள் தாமதம், அதை வச்சு ஓடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஹெச்ஆருக்கு ரெண்டு மெயில் போட்டிருக்கார், ஒண்ணு கிராஜுவிட்டி தேதி பத்தி, இன்னொண்ணு சம்பளம் பத்தி. புது கம்பெனி ஜூலை வரைக்கும் காத்திருக்கச் சம்மதிச்சிருக்கு. முதல் மெயிலுக்குப் பதில் வந்துடுச்சாம், "240 நாள் கணக்கை ஏத்துக்கிறோம்"னு. ரெண்டாவதுக்கு இன்னும் வரலை.