அருப்புக்கோட்டைச் சந்தை: வண்டிப்பேட்டை முதல் விற்பனைக்கூடம் வரை

விளைவிப்பவர் ஒருவர், விலை சொல்பவர் இன்னொருவர். மானாவாரிக் கரிசலில் பாடுபடும் நமக்கு இது நெடுநாள் மனக்குறை. இந்த நிலை எப்படி வந்தது, எப்படி மாறத் தொடங்கியது என்பதை நம் சந்தையின் வரலாறே சொல்லும்.

பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் திருச்சுழிப் பகுதிக்குப் பருத்திக்குடி நாடு என்று பெயர். பெயரிலேயே பருத்தி இருக்கிறது. அந்நாளில் ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுவினர் பொதிமாடுகளுடன் ஊர் ஊராகச் சென்றனர். பொதிக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் ஒரு தொகை வைத்துக் கோயில் பணிகளுக்கு அளித்தனர். பிரான்மலைக் கோயிலின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இப்படித் தொகை வைத்த சரக்குகளின் நீண்ட பட்டியல் உள்ளது.

19-ஆம் நூற்றாண்டில் இதே முறை மகமை என்ற பெயரில் நம் பகுதியில் வேரூன்றியது. கருப்பட்டி, உப்பு, கருவாடு, புகையிலை, பருத்தி ஏற்றிய வண்டிகளுக்கு வழியில் கள்ளர் பயம் உண்டு. இரவில் வண்டியை அவிழ்த்து மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, சரக்கைப் பத்திரமாக இறக்கி வைக்க மதில் சூழ்ந்த பேட்டைகளை நாடார் வணிகர்கள் அமைத்தனர். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி, சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களும் இவ்வாறு வளர்ந்தன.

இங்கிலாந்தில் பழங்காலத்தில் சந்தை கூட்ட அரசரின் சாசனம் வேண்டும். சுங்கப் பணம் அந்த உரிமை பெற்ற பிரபுவுக்கோ மடத்துக்கோ போகும். இங்கே வியாபாரிகளே மகமை போட்டுக்கொண்டு, உறவின்முறை கூடிக் கணக்குப் பார்த்துச் செலவிட்டனர். விருதுபட்டியில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொது முயற்சியின் பலன். வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியும் அதற்குக் கைகொடுத்தது. காமராஜர் படித்த பள்ளி அது.

மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை 1876-இல் விருதுபட்டி வழியாகச் சென்றது. நம் ஊருக்கு ரயில் இல்லை. பஞ்சும் தானியமும் சுமார் 20 கிலோமீட்டர் வண்டியில் போய்த்தான் ரயில் ஏறவேண்டும். விருதுபட்டி 1923-இல் விருதுநகர் ஆயிற்று. அதன் மார்க்கெட் நிலவரமே சுற்று வட்டாரத்துக்கு விலையாயிற்று. நம் ஊர் தறியை நம்பி நின்றது. விருதுநகரிலிருந்து இங்கே ரயில் வந்தது 1963-இல்தான். மறு ஆண்டில் பாதை மானாமதுரை வரை நீண்டது.

சந்தை வளர்ந்தாலும், சரக்கு கொண்டுவந்த சம்சாரிக்கு அதன் நிர்வாகத்தில் இடமில்லை. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசினார்கள். என்ன விலை என்று சரக்குக்கு உரியவருக்கே தெரியாது. தரகு, சாம்பிள், சாக்கு எடை என்று கழிவு வேறு. வீசையும் மணங்கும் படியும் ஊருக்கு ஊர் மாறின. எடை அளவுச் சட்டம் 1956-இல் வந்து, சில ஆண்டுகளில் கிலோ நடைமுறைக்கு வந்த பிறகே அந்தக் குழப்பம் நீங்கியது.

கழிவுக்குக் கடிவாளம் போட்டது 1933-ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம். முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-இல் திருப்பூரில் தொடங்கியது. வியாபாரியோடு விளைவிப்பவருக்கும் சந்தைக் குழுவில் இடம் உண்டு என்று சட்டத்தில் எழுதப்பட்டது அப்போதுதான். இன்று அருப்புக்கோட்டையிலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அங்கே சந்தைக் கட்டணம் வாங்குபவருக்கே, விற்பவருக்கு இல்லை.

ஆனால் கூடம் இருந்தால் மட்டும் போதாது, நாம் போகவேண்டும். அறுவடைக் கடனுக்காகக் களத்திலேயே மூட்டையைக் கொடுத்துவிட்டால், பழைய துண்டு வியாபாரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்போ, மல்லியோ, உளுந்தோ, நன்றாகக் காயவைத்துத் தூற்றிச் சலித்துக் கொண்டு செல்லுங்கள். ஈரமும் தூசியும்தான் விலையைக் குறைக்கக் கிடைக்கும் முதல் சாக்கு. வீட்டிலேயே ஒருமுறை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய விலை கட்டாவிட்டால் சரக்கைக் கூடத்தில் இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். விவரத்தைக் கூடத்தின் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்.

தனி ஆளாக ஒரு மூட்டையோடு நிற்பவருக்குப் பேரம் பேச வலு குறைவு. ஒரே ஊரார் பத்துப் பேர் ஒரே நாளில் சரக்கைச் சேர்த்துக் கொண்டுபோனால் வாங்குபவர்கள் தேடி வருவார்கள். சிறு மகமையைச் சேர்த்து வியாபாரிகள் பேட்டையும் பள்ளியும் கட்டினார்கள். அந்த ஒற்றுமையைச் சம்சாரிகளும் கைக்கொள்ளலாம்.